கண்ணீர் கொட்டுகிறது, ஆனால் கண் வறட்சி என்கிறார்கள்!

கேள்வி: எனக்கு வயது 47. கணக்கு எழுதும் வேலை என்பதால் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால்தான் இருக்கிறேன். இரண்டு வருடங்களாகக் கண்ணில் எரிச்சல், மணல் விழுந்த மாதிரி உறுத்தல். மாலையானால் எழுத்து மங்குகிறது. சிமிட்டினால் தெளிந்து மறுபடி மங்குகிறது. வெளியே போய்க் காற்று பட்டால் கண்ணீர் வழிகிறது. டாக்டரோ 'கண் வறட்சி' என்கிறார். சொட்டு மருந்தை நான்கு முறை மாற்றிவிட்டேன். போட்டால் கொஞ்ச நேரம் சுகம், அப்புறம் பழையபடிதான். தண்ணீர் வழியும் கண்ணில் வறட்சி எப்படி வரும்? இதை முழுதாகக் குணப்படுத்த முடியுமா?

பதில்: உங்கள் டாக்டர் சொன்னது சரிதான். நீங்கள் சந்தேகப்பட்டதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் 'வறட்சி' என்ற பெயரே இந்த நோயைப் பற்றித் தவறான எண்ணத்தைக் கொடுத்துவிடுகிறது.

கண்ணின் மேல் எப்போதும் ஒரு கண்ணீர்ப் படலம் இருக்கிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான் அதன் கனம். அடியில் கருவிழியோடு ஒட்டிக்கொள்ளும் வழுவழுப்பான சளிப்பொருள், அதோடு கலந்த நீர், எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் படிவு. எண்ணெய் குறைந்தால் அடியில் உள்ள நீர் வேகமாக ஆவியாகிவிடும். சிமிட்டிய சில நொடிகளிலேயே படலம் அங்கங்கே கிழிந்து கருவிழியின் மேற்பரப்பு காற்றில் காய்கிறது. கருவிழியில் நரம்பு நுனிகள் அடர்த்தியாக இருப்பதால் அந்த உறுத்தல் உடனே மூளைக்குப் போகும். மூளை கண்ணீர்ச் சுரப்பியைத் திறந்துவிடும். தூசி விழுந்தாலும் வெங்காயம் நறுக்கினாலும் வருகிற அதே அவசரக் கண்ணீர்தான் இது. அதில் எண்ணெய் போதாது, கண்ணில் தங்காது, கன்னத்தில் வழிந்து போய்விடும். காற்று பட்டதும் உங்களுக்குக் கொட்டுவது இந்தக் கண்ணீர்தான். 'சிமிட்டினால் தெளிகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் படலம் கிழிந்து கிழிந்து ஒட்டுவதன் அடையாளம். கண்ணாடியின் பவரை மாற்றினால் அது சரியாகாது.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது? இமையின் ஓரத்தில், இமை முடிகளுக்குச் சற்று உள்ளே, வரிசையாகச் சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கின்றன. மேல் இமையில் சுமார் 25 முதல் 40, கீழ் இமையில் சுமார் 20 முதல் 30. ஒவ்வொன்றும் ஒரு சுரப்பியின் வாய். 1666-இல் இவற்றை விவரித்த ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிக் மைபோமின் பெயரால் இவற்றை மெய்போமியன் சுரப்பிகள் என்கிறோம். ஆரோக்கியமான இமையை விரலால் லேசாக அழுத்தினால் சமையல் எண்ணெய் போலத் தெளிவான துளி வரும். அடைத்துப்போன இமையை அழுத்தினால் ஒன்றும் வராது, அல்லது பற்பசை மாதிரி கெட்டியாகக் கொஞ்சம் வரும். நாள்பட்ட வறட்சியோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கோளாறு கொஞ்சமாவது இருக்கிறது. பல வருடம் அடைத்தே கிடந்தால் சுரப்பி சுருங்கிவிடும். சுருங்கியதைத் திரும்ப வளர்ப்பது கடினம். அதனால்தான் 'சும்மா வறட்சிதானே' என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன்.

கம்ப்யூட்டருக்கும் இதில் பங்கு உண்டு. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறையோ அதற்கு மேலோ சிமிட்டுகிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். சிமிட்டுவதும் அரைகுறையாக, மேல் இமை பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறது. இமைகள் இரண்டும் முழுதாகச் சேர்ந்தால்தான் சுரப்பி அழுந்தி எண்ணெய் வெளியே வரும்.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருப்பது ஆவியாகிற நீரை மறுபடி ஊற்றுகிற வேலை. சொட்டு மருந்தை ஐந்தாவது முறை மாற்றுவதற்கு முன்னால் இமையைக் கவனிக்க வேண்டும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, 'எனக்குக் கண்ணீர் சுரப்பது குறைவா, இல்லை சீக்கிரம் ஆவியாகிறதா?' என்று நேராகக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு, சிமிட்டாமல் இருக்கச் சொல்லி, எத்தனை நொடியில் படலம் கிழிகிறது என்று பார்ப்பார்கள். 10 நொடிக்குள் கிழிந்தால் கோளாறு என்று பொருள். கீழ் இமையில் சின்னக் காகிதப் பட்டையை மாட்டி, 5 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பது ஷிர்மர் சோதனை. 5 மில்லிமீட்டருக்கும் குறைவு என்றால் சுரப்பே குறைந்திருக்கிறது. இமையை அழுத்திப் பார்ப்பது மூன்றாவது. அதைச் செய்யவில்லை என்றால் செய்யச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள்.

இமையில் அடைப்புதான் என்றால் ஒத்தடம்தான் முதல் மருந்து. பலரும் இரண்டு நாள் செய்து பார்த்துவிட்டு 'பலனில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். முறையில்தான் கோளாறு இருக்கும். வெந்நீரில் நனைத்த துணி இரண்டு நிமிடத்தில் ஆறிப்போகும். கெட்டியான எண்ணெய் இளக அது போதாது. சூடு சுமார் 40 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே, 5 முதல் 10 நிமிடம் குறையாமல் இருக்க வேண்டும். துணி என்றால் ஆற ஆற மாற்றுங்கள். சூட்டைச் சீக்கிரம் ஆறவிடாத கண் பட்டைகள் கிடைக்கின்றன, அவை வசதி. மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, இதமாக இருந்தால் மட்டும் மூடிய கண்மேல் வையுங்கள். எடுத்த கையோடு, எண்ணெய் இளகியிருக்கும்போதே, மேல் இமையை மேலிருந்து கீழாகவும் கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும், இமை முடி இருக்கும் ஓரத்தை நோக்கி விரல் நுனியால் மெதுவாக நீவுங்கள். கண்ணைத் தேய்க்கக் கூடாது, கருவிழியை அழுத்தவும் கூடாது. கொஞ்ச நேரம் பார்வை மங்கலாக இருக்கும், பயப்பட வேண்டாம். பிறகு இமை ஓரத்தை அதற்கென்று விற்கும் துடைப்பான்களால் துடையுங்கள். இமை முடியின் அடியில் பொடுகு போலச் சுற்றி ஒட்டியிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்; டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணியாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை தனி. ஒத்தடத்தைத் தினமும், குறைந்தது ஒரு மாதமாவது விடாமல் செய்த பிறகுதான் பலன் உண்டா இல்லையா என்று தீர்மானிக்க முடியும்.

சரி, சொட்டு மருந்து வேண்டாமா? வேண்டும், துணையாக. ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் போடுபவர்கள் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் கலக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். பென்சால்கோனியம் குளோரைடு என்ற அந்த ரசாயனம் அடிக்கடி பட்டால் கண்ணின் மேற்பரப்பையே புண்ணாக்கும். வறட்சிக்குப் போடும் மருந்தே வறட்சியைக் கூட்டுகிற கொடுமை அப்படித்தான் நடக்கிறது. ஒரு நேரத்துக்கு ஒரு சொட்டு போதும், கண்ணில் அதற்கு மேல் இடம் இல்லை. உறுத்தல் வந்த பிறகு போடுவதைவிட, திரை முன் உட்காரும் முன்பே போடுவது நல்லது. சிவப்பை உடனே போக்கும் சொட்டுகள் பக்கமே போகாதீர்கள். அவை ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. நிறுத்தியதும் சிவப்பு முன்பைவிட அதிகமாகத் திரும்பும். வீட்டில் தயாரித்த எதையும் கண்ணில் விட வேண்டாம்.

இன்னொன்றையும் பாருங்கள்: நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள். அலர்ஜி மாத்திரை, சில மன அழுத்த மருந்துகள், முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின், நீர் பிரிய வைக்கும் ரத்த அழுத்த மருந்துகள் ஆகியவை கண்ணை உலர்த்தக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. பட்டியலைக் கண் மருத்துவரிடம் காட்டினால் மாற்று உண்டா என்று பேசி முடிவெடுக்கலாம். மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு வறட்சி கூடுவதும் சகஜம். வாயும் உலர்ந்து, மூட்டு வலியும், அசதியும் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஷோக்ரென் நோய்க்குறி என்ற நோயெதிர்ப்புக் கோளாறா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும். அதைக் கண் சொட்டோடு விட்டுவிட முடியாது.

ஒத்தடமும் சொட்டும் போதாதபோது கண்ணின் மேற்பரப்பில் அழற்சி இருக்கலாம். அதற்கு சைக்ளோஸ்போரின் சொட்டு தருவார்கள். போட்டால் முதலில் எரியும், முழுப் பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால் மூன்றாவது வாரத்திலேயே பாட்டிலைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய. அந்த இடைவெளியைத் தாண்டச் சிலருக்குக் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு சொட்டும் தேவைப்படும். அது இரண்டு நாளில் சொர்க்கம் காட்டும், ஆனால் டாக்டர் சொன்ன தேதியைத் தாண்டி ஒரு நாள்கூடப் போடாதீர்கள். கண் அழுத்தம் ஏறும், புரை வளரும். சுரப்பே குறைந்தவர்களுக்குக் கண்ணீர் வடியும் துவாரத்தைச் சின்ன அடைப்பானால் மூடுவதும் நல்ல வழி, ஆனால் அழற்சியை முதலில் அடக்கிவிட்டுத்தான். ஒமேகா-3 மாத்திரையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், ஒரு வருடம் சாப்பிட்டவர்களுக்கும் வெறும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. நான் அதை வற்புறுத்துவதில்லை.

வேலை செய்யும் இடத்தில் இரண்டு மாற்றம் செய்யுங்கள். திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கினால் இமை அகலத் திறக்காது, ஆவியாவது குறையும். மின்விசிறி, ஏசி காற்று நேராக முகத்தில் படாதபடி நாற்காலியைத் திருப்புங்கள். அப்புறம் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணை மூடி, இரண்டு நொடி அப்படியே வைத்து, லேசாக இறுக்கித் திறப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முழுக் குணம் உண்டா என்று கேட்டீர்கள். ஒரு மாத்திரையில் உண்டா என்றால் இல்லை. மருந்தோ கான்டாக்ட் லென்ஸோ காரணமாக இருந்து அதை மாற்ற முடிந்தால் பலருக்கு அறவே சரியாகிறது. சோதனையில் உங்களுக்கு இமைச் சுரப்பி அடைப்புதான் என்று தெரிந்தால், பல் துலக்குவதைப் போல ஒத்தடத்தைத் தொடர வேண்டும். தொடர்ந்தால் வேலை, வாசிப்பு எதற்கும் தடையில்லாமல் இருக்கலாம். மூன்று மாதத்தில் எரிச்சல் குறையவில்லை என்றால் மறுபடி சோதனை செய்து திட்டத்தை மாற்ற வேண்டும். இடையில் கண்ணில் கடுமையான வலியோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சமோ, சிமிட்டியும் தெளியாத மங்கலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளியோ வந்தால் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.