பழைய இசைத்தட்டு சோறு போடுமா?

அண்ணாச்சி,

கடிதம் கிடைத்தது. பி.காம். இரண்டாம் ஆண்டில் படிப்பை நிறுத்திவிட்டு, அமெரிக்காவின் அரிய பழைய ஃபங்க் பாட்டுகளைத் தொகுத்து இசைத்தட்டாக வெளியிடப் போவதாக மகன் சொல்கிறான். குலசேகரம் ரப்பர் தோட்டத்தை விற்றுத் தரச் சொல்கிறான். அவனுக்கு மூளை குழம்பிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். குழம்பவில்லை. ஆனால் தோட்டத்தை விற்காதீர்கள்.

சனிக்கிழமை தம்பி (உங்கள் மகன்தான்) என்னிடம் வந்தபோது பையில் ஓர் ஏழு அங்குலத் தட்டு இருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, "பூஞ்சணம் கழுவினால் போய்விடும் சார், இந்தக் கீறல்தான் ஊசியில் தட்டும்" என்று தரம் சொன்னான். நீங்கள் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குமிழும் பூஞ்சணமும் பார்த்துத் தரம் பிரிப்பீர்களே, அதே கண். அந்தக் கண் யாரிடமிருந்து வந்தது என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

இப்படியும் ஒரு தொழில் இருக்கிறது. ஃபங்க் என்பது 1960களின் நடுவில் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் போன்றவர்கள் உருவாக்கிய ஆட்ட இசை. தாளத்தின் முதல் அடியில் அழுத்தம் விழும். (எனக்கு அது ஒரே இடத்தில் சுற்றுவதுபோல் இருந்தது. தம்பிக்குக் கோபம்.) சிறு ஊர்களில் கொஞ்சம் பிரதிகளோடு மறைந்துபோன தட்டுகளைத் தேடி மறுவெளியீடு செய்யும் சிகாகோ நிறுவனமான நியூமெரோ குரூப் 2003இல் தொடங்கியது. இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் நம் இளையராஜாவின் பழைய பாடல்களையே தொகுத்து வெளியிட்டிருக்கிறது.

தம்பி தடுக்கி விழும் இடம் உரிமை. "ஐம்பது வருடப் பழசு, யார் கேட்கப் போகிறார்கள்?" என்கிறான். கேட்பார்கள். நம் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு. பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி. அவர்கள் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் நிற்கும். அமெரிக்காவில் பிடி இன்னும் இறுக்கம். 1957 முதல் 1972 பிப்ரவரி 14 வரை பதிவான ஒலிகளுக்கு 2067 வரை பாதுகாப்பு என்று 2018இல் சட்டம் போட்டுவிட்டார்கள். தம்பி எடுத்துவந்த பட்டியலில் பாதிக்குமேல் அந்த வலைக்குள்தான். அவன் குறிவைத்திருக்கும் வாடிக்கையாளர்களும் அங்கேதான்.

ஆகவே இந்த வேலையில் பாட்டுக் கேட்பது கொஞ்சம். மூடிப்போன கம்பெனிக்கு வாரிசு யார் என்று தேடுவதும், இறந்துபோன டிரம்மரின் மகளுக்குக் கடிதம் எழுதுவதும், ஒப்பந்தமும், விற்பனையில் உரிமையாளருக்குச் சேரும் பங்கான ராயல்டியைத் தவணை தவறாமல் அனுப்புவதும்தான் மிச்சமெல்லாம். ஒரு தட்டுக்கு ராயல்டிக் கணக்கு எழுதிக் காட்டச் சொன்னேன். ஒலிப்பதிவு உரிமையையும் பாட்டு உரிமையையும் சேர்த்து ஒரே வரியில் எழுதியிருந்தான். பி.காம். அவனுக்கு வீணா, சொல்லுங்கள்?

பட்டத்தை முடிக்கட்டும். பிறகு திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்தால், தட்டு வெளியிடும் லேபிள் படுத்துவிட்டாலும் பதிப்புரிமை வேலை கைகொடுக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை ஒன்று கவனியுங்கள். மூலத்தட்டு வெட்டுவது, அச்சு வார்ப்பது, சோதனைத் தட்டு எடுப்பது எல்லாம் நூறு பிரதி போட்டாலும் ஆயிரம் போட்டாலும் ஏறக்குறைய ஒரே செலவு. அதனால் குறைவாக அச்சிட்டால் தட்டுக்கு விலை ஏறும். அதிகமாக அச்சிட்டால் வீட்டில் அடுக்கி வைக்க வேண்டும். தொகுப்பு பிறகு ஆகட்டும், முதலில் பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று ஒரே ஒரு ஏழு அங்குலத் தட்டு போதும்.

அவனிடம் இதையே சொல்லியிருக்கிறேன்: இரண்டு பாட்டுக்கு உரிமையாளர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று கொண்டுவா, அப்பாவிடம் நானே பேசுகிறேன். அதுவரை நீங்கள் அவன் தட்டு வைத்திருக்கும் பின்னறையின் ஒழுகும் கூரை ஓடுகளை மட்டும் மாற்றிக் கொடுங்கள். ஆடி மழை வந்தால் அட்டையெல்லாம் நனைந்துவிடும்.