ஒரு கப் சாம்பாரில் எத்தனை கலோரி?

கேள்வி: எடை குறைக்கலாம் என்று தினமும் சாப்பிடுவதை ஆப்பில் பதிவு செய்கிறேன். 'ஒரு கப் சாம்பார்' என்று தேடினால் ஒரு இடத்தில் 90 கலோரி, இன்னொரு இடத்தில் 210 என்று வருகிறது. நடுவில் ஏதோ ஒன்றைப் போட்டுக்கொள்கிறேன். இது சரிதானா?
– வாசகி, ஈரோடு

பதில்: சரியில்லை சகோதரி. அந்த இரண்டு எண்ணுமே யாரோ ஒருவர் வீட்டுச் சாம்பாரின் கணக்கு. உங்கள் வீட்டில் பருப்பு எத்தனை கைப்பிடி, தாளிக்க எண்ணெய் எவ்வளவு, தேங்காய் அரைத்து ஊற்றுவீர்களா என்றெல்லாம் ஆப்புக்கு எப்படித் தெரியும்? ஆயத்தமாகக் கிடக்கும் எண்ணை எடுக்காமல் உங்கள் சாம்பாருக்கு நீங்களே ஒரு எண் தயாரித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை செய்துவிட்டால் அதே பக்குவத்தில் வைக்கிற வரைக்கும் அதுவே போதும்.

தேவைப்படுவது ஒரு டிஜிட்டல் தராசு மட்டும்தான், ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. பாத்திரத்தை வைத்துப் பட்டனை அழுத்தினால் பூஜ்ஜியம் காட்டுகிற மாதிரி பார்த்து வாங்குங்கள். எல்லாவற்றையும் பச்சையாக, ஊறவைப்பதற்கு முன்னாலேயே நிறுக்க வேண்டும். நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு சாம்பார் என்று வைத்துக்கொள்வோம். துவரம்பருப்பு 100 கிராம், அது சுமார் 335 கலோரி. முருங்கைக்காய், கத்தரிக்காய், சின்ன வெங்காயம், தக்காளி எல்லாம் சேர்ந்து 300 கிராம், சுமார் 90. நல்லெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 14 கிராம், 125. புளியும் சாம்பார் பொடியும் சேர்த்து ஒரு 100. மொத்தம் 650 கலோரி. தண்ணீருக்குக் கலோரி கிடையாது, எவ்வளவு ஊற்றினாலும் இந்த 650 மாறாது.

இப்போது கொதித்து இறக்கிய சாம்பாரைப் பாத்திரத்தோடு நிறுத்து, வெறும் பாத்திரத்தின் எடையைக் கழியுங்கள். 1300 கிராம் வந்தால் 100 கிராமுக்கு 50 கலோரி. அப்புறம் உங்கள் தட்டில் விழுவது எத்தனை கிராம் என்று பார்த்தால் வேலை முடிந்தது. இதிலேயே 50 கிராம் தேங்காய் அரைத்து ஊற்றியிருந்தால் கூடவே கிட்டத்தட்ட 200 கலோரி ஏறியிருக்கும், அதனால்தான் ஆப்பில் இருக்கிற எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதே இல்லை. மிச்சச் சாம்பாரைச் சுடவைத்துச் சுடவைத்து அது சுண்டிப்போனால் ஒரு கரண்டிக்கான கலோரி கூடிவிடும், மறுபடி ஒரு தடவை நிறுத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி புழங்கும் குக்கர், சட்டி, குண்டான் இவற்றின் வெறும் எடையை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தால் தினமும் ரொம்ப சுலபம்.

பச்சைப் பொருளுக்கான கலோரியை எங்கே பார்ப்பது? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் நம் ஊர்ப் பொருட்கள் 528 இருக்கின்றன. அதில் எண்கள் கிலோஜூலில் இருக்கும், 4.18-ஆல் வகுத்தால் நாம் கலோரி என்று சொல்கிற கிலோகலோரி வந்துவிடும். பாக்கெட்டில் வாங்குகிற பொருள் என்றால் பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு என்று அச்சடித்திருப்பார்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: சோற்றை அரிசியாக நிறுக்கணுமா, வடித்த பிறகா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: இரண்டும்! 100 கிராம் அரிசி ஏறத்தாழ 350 கலோரி. அதே அரிசி வெந்து தண்ணீர் குடித்து 250, 300 கிராம் சோறாகிவிடும், ஆனால் கலோரி அதே 350தான். நிறைய பேர் தட்டில் இருக்கிற 300 கிராம் சோற்றை நிறுத்துவிட்டு ஆப்பில் 'அரிசி 300 கிராம்' என்று போடுகிறார்கள், அது ஆயிரத்தைத் தாண்டிக் காட்டுகிறது, பயந்துபோய் மறுநாள் சோறே வேண்டாம் என்கிறார்கள். உங்கள் வீட்டு அரிசி எத்தனை மடங்காகிறது என்று ஒரு நாள் பார்த்து வையுங்கள், பழைய அரிசிக்கும் புது அரிசிக்கும் வித்தியாசம் உண்டு. வடித்தால் கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போகும், அந்தச் சின்ன வித்தியாசத்தை விட்டுவிடலாம்.

கேள்வி: எண்ணெயை எப்படி அளப்பது? தாளிக்கும்போது ஸ்பூனா பார்த்துக்கொண்டிருக்க முடியும்? பூரி, வடை என்றால் என்ன செய்வது?
– வாசகி, சிவகாசி

பதில்: கணக்கு கெட்டுப்போவது பெரும்பாலும் எண்ணெயில்தான். காயில் 20 கிராம் கூடக் குறைய எழுதினால் அஞ்சு, பத்து கலோரிதான் மாறும், அதற்காக மெனக்கெட வேண்டாம். எண்ணெய் அப்படியில்லை, ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஸ்பூனைத் தேடாதீர்கள். சமையல் தொடங்குமுன் எண்ணெய்த் தூக்கை அப்படியே தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள், எல்லாம் முடிந்ததும் திரும்ப வையுங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் அன்றைய எண்ணெய்.

பொரிப்பதற்கும் இதே வழிதான். ஊற்றின எண்ணெயை நிறுத்துக்கொண்டு, பொரித்து ஆறிய பிறகு மிச்சத்தை நிறுங்கள். வித்தியாசம்தான் பூரிக்குள் போனது, எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளலாம். ஆறுவதற்குள் கடாயைத் தூக்கித் தராசில் வைக்காதீர்கள், தயவுசெய்து.

இதுவும் முடியாது என்றால் மாதக் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 23 கிராம், 205 கலோரி போல எண்ணெயிலிருந்தே வருகிறது. நீங்கள் ஆப்பில் எழுதுகிற எண்ணெய் இதைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் எங்கேயோ விட்டுப்போகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: அம்மாதான் சமைக்கிறார். தராசை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனால் கோபம் வருகிறது. என்ன செய்யட்டும்?
– வாசகர், திருப்பூர்

பதில்: கோபம் வரத்தான் செய்யும், எத்தனையோ வருஷமாகக் கண்ணளவில் ருசியாகச் சமைத்துப் போடுகிறவர். அவர் கையைத் தடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காய் நறுக்க உட்காருங்கள், பருப்பு அளக்கிற டம்ளரையும் எண்ணெய் ஊற்றுகிற குழிக்கரண்டியையும் ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிடுங்கள். அதற்கப்புறம் "இன்னைக்கு எத்தனை டம்ளர்மா, எத்தனை கரண்டி?" என்று கேட்டாலே போதும். பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும், பரவாயில்லை, தினமும் ஒரே மாதிரி எழுதினால் வாராவாரம் எடை போகிற போக்கை வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: என்னைப் பார்த்து என் 14 வயது மகளும் கலோரி எழுத ஆரம்பித்துவிட்டாள். நல்லதுதானே?
– வாசகி, சென்னை

பதில்: வேண்டாம் அம்மா. இதை உறுதியாகவே சொல்கிறேன். வளர்கிற வயதில் உடம்புக்கு என்ன தேவை என்பது மாதத்துக்கு மாதம் மாறும், பெரியவர்களுக்கான ஆப் காட்டுகிற இலக்கு அவளுக்குப் பொருந்தாது. அவள் முன்னால் எண்களைச் சத்தமாகப் படிப்பதையும் "இன்னைக்கு ஜாஸ்தி சாப்பிட்டுட்டேன்" என்று புலம்புவதையும் முதலில் நீங்கள் நிறுத்துங்கள். அவள் போனிலிருந்து அந்த ஆப்பைப் பேசிப் புரியவைத்து எடுத்துவிடுங்கள். சாப்பாட்டை ஒளித்து வைக்கிறாள், எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட மறுக்கிறாள், மாதவிலக்கு தள்ளிப்போகிறது, வேகமாக இளைக்கிறாள் என்று இதில் எதைக் கண்டாலும் 'வயசுக்கோளாறு' என்று விட்டுவிடாமல் அந்த வாரமே குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.