வாசகர் கேள்வி – பதில்: களாவும் நாவலும் ஊறும் சாடி

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே வேலியோரங்களில் தானாகக் காய்க்கும் ‘ஸ்லோ’ என்ற கருநீலப் பழத்தை ஜின்னில் ஊறவைத்து வீட்டிலேயே ஒரு பானம் செய்கிறான். விடுமுறையில் ஊருக்கு வரும்போது, நம் பொத்தைகளில் (சிறு பாறைக் குன்றுகளில்) கிடைக்கும் களாப்பழத்தையும் ஆற்றங்கரை நாவற்பழத்தையும் வைத்து அதேபோலச் செய்யலாமா என்று கேட்கிறான். இதில் ஆபத்து உண்டா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் மகன் அங்கே செய்வது காய்ச்சி வடித்தல் அன்று, கடையில் வாங்கிய மதுவில் பழத்தை ஊறவைப்பது மட்டுமே. ஒரு லிட்டர் ஜின்னுக்கு ஏறத்தாழ 450 கிராம் பழமும் அதில் பாதி எடை சர்க்கரையும் சேர்த்து, இரண்டு மூன்று மாதங்கள் இருட்டில் வைத்து வடிகட்டுவது அங்குள்ள வழக்கம். உறைபனி விழுந்த பிறகு பறித்தால் தோல் வெடித்துச் சாறு எளிதில் இறங்கும். உறைபெட்டியில் ஓர் இரவு வைத்தாலும் அதே பலன் கிடைக்கும். கொட்டையை மட்டும் நசுக்கக் கூடாது, ஏனெனில் அதிலுள்ள ஒரு பொருள் சயனைடை வெளிவிடும்.

நம் ஊர் நிலை வேறு. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இங்கு உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம் என்பதால், இங்கே மதுவில் செய்யும் முறையை நான் சொல்லப்போவதில்லை. ‘ஸ்பிரிட்’ என்ற பெயரில் கிடைக்கும் எதையும் பழத்தில் ஊற்றிப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால்தான்.

ஆனால் உங்கள் மகன் விரும்பும் நிறமும் மணமும் துவர்ப்பும் பழத்திலிருந்தே வருகின்றன. அவற்றை வினிகரும் நன்றாகவே இழுத்துக்கொள்ளும். ஆனி, ஆடியில் கிடைக்கும் களாப்பழத்தை முற்றும் கறுத்த பின் பறியுங்கள். செங்காயில் பால் வடியும், அதை உப்புநீரில் அலசிப் போக்க வேண்டும். அரைக் கிலோ பழத்தைக் கையால் பிசைந்து, அரை லிட்டர் வினிகர் ஊற்றி, கண்ணாடிச் சாடியில் ஒரு வாரம் மூடி வைத்து, நாள்தோறும் குலுக்குங்கள். பின்னர் துணியில் வடிகட்டி, அரைக் கிலோ சர்க்கரையோ பனங்கற்கண்டோ சேர்த்து எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு கொதி விட்டு இறக்குங்கள். புளிப்பு அரிக்கும் என்பதால் அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் உதவா. ஆறிய பின் சோடாவில் இரண்டு கரண்டி விட்டுக் குடித்தால், மது இல்லாத குறையே தெரியாது. நாவலில் நிறம் மிகுதி, புளிப்புக் குறைவு. ஆகவே இரண்டையும் சம அளவில் கலப்பதையே நான் சிறந்ததாகக் கருதுகிறேன்.

பறிக்கும் இடத்திலும் கவனம் தேவை. களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியின்றிப் பழம் பறிக்கக் கூடாது. கரடிக்கும் பறவைக்கும் அங்கே அதுதான் இரை. வெளியே, ஊர்ப் பொத்தையிலும் வயல்வரப்பிலும், பெயர் தெரிந்த பழத்தை மட்டும் எடுங்கள். ‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்பார்கள். ஆரஞ்சு நிறத்தில் கண்ணைப் பறிக்கும் எட்டிப்பழத்தின் விதையில் இருப்பது ஸ்ட்ரிக்னின் என்னும் கொடிய நஞ்சு. மஞ்சள் அரளிக் காயும் அப்படியே உயிரைக் கொல்லும்.

கேள்வி: கோவாவில் கொல்லாம்பழத்திலிருந்து, அதாவது முந்திரிப்பழத்திலிருந்து, ஃபெனி என்ற மதுவை வடிக்கிறார்கள். எங்கள் தேரிக்காட்டில் கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தை வீசிவிடுகிறோமே, வேறு வழி இல்லையா?
– வாசகர், திசையன்விளை

பதில்: 2009-இல் புவிசார் குறியீடு பெற்ற ஃபெனி, அம்மாநில உரிமத்தின் கீழ் வடிக்கப்படுவது, இங்கே அதற்கு இடமில்லை. சாறாகக் குடிக்கலாம். தொண்டையைக் கரகரக்க வைப்பது அதிலுள்ள துவர்ப்புப் பொருள். பிழிந்த சாற்றில் சிறிது சோறு வடித்த கஞ்சியை ஆறவைத்துக் கலந்தால், அது துவர்ப்பைப் பற்றிக்கொண்டு அடியில் படியும். தெளிந்ததை இறுத்து எடுங்கள். சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும் ஆதலால், காலையில் பொறுக்கிய பழத்தை அன்று முற்பகலுக்குள் பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிவிடுங்கள்.