கணினி கேள்வி–பதில்: வகுப்பு தொடங்கியதும் அடங்கிப்போகும் சுருதி

கேள்வி: விண்டோஸ் 11 மடிக்கணினியில் தம்புரா செயலியை ஒலிக்கவிட்டு, வெளியூர் மாணவர்களுக்கு இணையவழியில் வாய்ப்பாட்டு கற்பிக்கிறேன். அழைப்பு இணைந்ததுமே சுருதி அடங்கிவிடுகிறது. புளூடூத் ஹெட்போனில் மாணவர்களின் குரல் பழைய தொலைபேசியில் வருவதுபோல் கேட்கிறது. சுருதிப்பெட்டியை மைக் அருகே வைத்தாலும், அது விட்டுவிட்டுக் கேட்பதாக அவர்கள் சொல்கிறார்கள். மடிக்கணினியை மாற்ற வேண்டுமா?
– வாசகி, திருவையாறு

பதில்: கடைக்காரரே சொன்னாலும் மாற்ற வேண்டாம். அழைப்பு நடக்கும்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும் ஏற்பாடு விண்டோஸில் இயல்பாகவே இருக்கிறது. பாட்டுக் கேட்டபடி அலுவலக வேலை பார்ப்பவருக்கு அது உதவி. சுருதி இல்லாமல் சரளிவரிசையைக்கூடத் தொடங்க முடியாத தங்களுக்கு உபத்திரவம். குறைப்பதைவிட, குறைத்ததைத் திரையில் ஒரு வரிகூடச் சொல்லாமல் இருப்பதுதான் என் பார்வையில் பெரிய குறை. கண்ட்ரோல் பேனலில் ‘சவுண்ட்’ பகுதியைத் திறந்து, ‘கம்யூனிகேஷன்ஸ்’ என்ற பக்கத்தில் ‘டூ நத்திங்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ஓகே கொடுங்கள்.

ஹெட்போன் விஷயத்தில் விண்டோஸை மட்டும் குறை சொல்ல முடியாது. வழக்கமான புளூடூத்தில் தரமான ஸ்டீரியோ ஒலி கணினியிலிருந்து ஹெட்போனுக்கு என ஒரே திசையில்தான் வரும்; ஹெட்போனின் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் இணைப்பு தொலைபேசி முறைக்கு மாறி, சிடியில் நொடிக்கு 44,100 ஆக இருக்கும் ஒலி மாதிரிகள் (ஒலியை அளந்து பதியும் எண்ணிக்கை) பெரும்பாலும் 16,000 அல்லது 8,000 ஆகச் சுருங்கி, இரு காதுகளிலும் ஒரே ஒலியாகக் கேட்கும். அந்த ஒலியை வைத்துக்கொண்டு மாணவரின் கமகத்தை, அதாவது ஸ்வரங்களின் அசைவை, திருத்துவது கடினம். ஒயர் உள்ள ஹெட்போனே போதும், விலையும் குறைவு.

சுருதி அறுபடுவது அழைப்புச் செயலியின் வேலை. இடைவிடாமல் ஒரே சீராக ஒலிப்பதை மின்விசிறி இரைச்சலாகக் கருதி அது வடிகட்டப் பார்க்கிறது. தம்புராவின் இலக்கணமே இடைவிடாமல் ஒலிப்பதுதானே! ஜூம் பயன்படுத்துகிறீர்கள் என்றால், ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்ற வசதியை இயக்குங்கள். மற்ற செயலிகளில் ‘நாய்ஸ் சப்ரஷன்’ என்பதை அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: எச்டிஎம்ஐ கேபிளில் டிவியை இணைத்தால், ஸ்பீக்கரில் வந்த ஒலி தானாகவே டிவிக்குப் போய்விடுகிறதே?
– வாசகர், மன்னார்குடி

பதில்: புதிதாக இணைந்த கருவியில்தான் கேட்க விரும்புவீர்கள் என்று கணினியே முடிவு செய்துகொள்கிறது. விண்டோஸ் செட்டிங்ஸின் ‘சவுண்ட்’ பகுதியில் டிவியின் பெயரைச் சொடுக்கி, ‘டோன்ட் அலோ’ கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இராது. மேக் வைத்திருக்கும் நண்பர்களுக்கு வேறு தொல்லை: எச்டிஎம்ஐ வழியே ஒலி போகும்போது பெரும்பாலும் விசைப்பலகையின் வால்யூம் விசைகள் வேலை செய்யாததால், டிவி ரிமோட்டைத்தான் தேட வேண்டியிருக்கும்.