கறிக்கோழித் தீவனத்தில் நொதி எதற்கு?

தீவன மூட்டையில் ‘நொதி சேர்க்கப்பட்டது’ என்றிருக்கிறதே, மக்காச்சோளத்தைக் கோழி தானாகச் செரிக்காதா என்பது கேள்வி.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த சங்கிலி. இத்தகைய சங்கிலிகளை அறுக்கும் புரதமே செரிமான நொதி. வெறுஞ்சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது நம் உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதியால்தான். கோழிக்கு அது பெரும்பாலும் கணையத்திலிருந்து சிறுகுடலுக்கு வருகிறது.

வளர்ந்த கோழி மக்காச்சோள மாவுச்சத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் தானே செரித்துவிடும். ஆனால் முதல் 2 வாரக் குஞ்சுகளில் இச்சுரப்பு முழுமை பெற்றிருக்காது; மேலும், தானியத்தின் நார்ச்சுவருக்குள் அடைபட்ட மாவுச்சத்தைக் கோழியின் சொந்த நொதிகள் எளிதில் எட்டுவதில்லை. ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அவித்த பனங்கிழங்கைத் தோலுரித்து, இரண்டாகப் பிளந்து, நடுத்தும்பையும் நாரையும் உருவிய பிறகுதானே தின்கிறோம்? நாரை உருவும் அந்த விரல்களின் வேலையைத்தான், தீவனத்தில் சேர்க்கப்படும், நாரை அறுக்கும் சைலனேஸ் என்னும் நொதி செய்கிறது.

கோதுமை கலந்த தீவனத்தில் இதன் பயன் கூடுதல். கோதுமையின் கரையும் நார் குடலில் கூழாகித் தடித்து, செரிமானத்தைத் தடுத்து, எச்சத்தை ஈரமாக்கும். உப்புக்காற்று வீசும் கொட்டகையில் தரைக்கூளம் ஏற்கெனவே எளிதில் காயாது என்பதை நினைத்தால், இது சிறிய தொல்லையன்று. எனினும் தரமற்ற, பூஞ்சை பிடித்த தானியத்தை எந்த நொதியும் சீராக்காது.

பலர் எண்ணுவதுபோல் இது ஹார்மோனோ வளர்ச்சி ஊசியோ அன்று. குடலுக்குள் தீவனத்தின் மீது மட்டும் வேலை செய்துவிட்டு, மற்றப் புரதங்களைப் போலவே பெரும்பாலும் தானும் செரிக்கப்பட்டுவிடும்.