முழங்கால் குத்தலுக்கு டைட்டானியம் மருந்தா?

கேள்வி: டர்பன் பக்கம் வெருலமில் மரம் வெட்டும் வேலை செய்கிறேன் அண்ணா. பெரும்பாலும் சாலிக்னா கம் எனும் யூகலிப்டஸ் மரங்கள். மரமேற காலில் கட்டுவது செகண்ட் ஹேண்டில் வாங்கிய இரும்பு ஸ்பைக்ஸ். கொஞ்ச நேரத்திலேயே முழங்காலின் உட்பக்கம் குத்துகிறது, பாதம் எரிகிறது. டைட்டானியம் ஸ்பைக்ஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: பணத்தை இப்போதைக்குப் பையிலேயே வையுங்கள், தம்பி. டைட்டானியத்தில் எடை குறையும், உண்மைதான். ஆனால் நீங்கள் சொல்லும் வலி எடையால் வருவதில்லை, அளவு பொருந்தாததால் வருகிறது. பொருந்தாத டைட்டானியமும் அதே இடத்தில்தான் குத்தும்.

முதலில் ஸ்பைக்ஸில் காலின் உட்பக்கமாக மேலே போகும் தண்டின் உயரத்தைப் பாருங்கள். வேலைக்குப் போடும் பூட்ஸோடு கட்டி நின்றால், தண்டின் மேல்முனை முழங்காலின் உட்புற எலும்புக்கு ஓரிரு விரல் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால், காலை மடக்கும்போதெல்லாம் எலும்பில் இடிக்கும். ரொம்ப இறங்கினால் கெண்டைக்கால் சதையில் அழுந்தும். பல தண்டுகளில் உயரத்தை மாற்றத் துளைகள் உண்டு. திருகைக் கழற்றி ஒரு துளை இறக்குங்கள். வெட்டப்போகிற மரத்திலேயே, பெல்ட்டும் கயிறும் மாட்டிக்கொண்டு, இடுப்பு உயரம் ஏறிப் பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் முந்தையவர் வைத்த அளவிலேயே வருடக்கணக்கில் ஏறுவதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

பாதம் எரிவது பூட்ஸ் கோளாறு. உடம்பின் முழு எடையும் உள்ளங்காலின் நடுவே ஒரு குறுகிய இரும்புப் பட்டையில் நிற்கிறது. பூட்ஸின் அடி மெத்தென்று இருந்தால் அந்தப் பட்டை அப்படியே காலில் உறைக்கும். விறைப்பான அடியும், பட்டை பின்னால் நழுவாதபடி எடுப்பான குதிகாலும் உள்ள பூட்ஸ் வேண்டும். கம்பூட்ஸ் கூடவே கூடாது.

அப்புறம் பேட், அதாவது தண்டின் மேல்முனையில் காலை அணைக்கும் மெத்தை. நைந்த தோல் பேட் ஒரே புள்ளியில் அழுத்தும். முழங்காலுக்குக் கீழே அகலமாகச் சுற்றிப் பிடிக்கிற வெல்க்ரோ பேட் அழுத்தத்தைப் பரப்பிவிடும். பேட் தனியாகவே கிடைக்கும். டர்பன் வெயிலில் வியர்வை ஊறும், அதனால் கழற்றிக் கழுவ முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மரத்தில் குத்தி நிற்கும் முள்ளிலும் வித்தியாசம் உண்டு. தடித்த மரப்பட்டைக்குச் சுமார் 2¾ அங்குல நீள முள். மெல்லிய பட்டைக்கு 1½ அங்குலம் போதும், கணுக்காலும் அவ்வளவு முறுக்காது. சாலிக்னாவில் பட்டை நாடா நாடாவாக உரிந்து தொங்கும். அதைக் கையால் இழுத்துப் போட்டுவிட்டு மிதியுங்கள், இல்லையென்றால் கால் வழுக்கும். முள் மழுங்கினால் அரத்தால் ராவுங்கள். கிரைண்டரில் வைத்தால் சூட்டில் எஃகின் உறுதி போய்விடும்.

கிளை கழிக்க மட்டும் கூப்பிட்டால் ஸ்பைக்ஸ் வண்டியிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு குத்தும் மரத்துக்குப் புண். பனை வகை மரங்களில் அது மூடவே மூடாது.

இத்தனையும் சரிசெய்த பிறகும் மாலையில் தொடை கனத்தால், அப்போது டைட்டானியம் பாருங்கள். புது பேட் அந்தத் தண்டில் பொருந்துமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.