வாழைப்பழ பிரெட் நடுவில் அமுங்குவது ஏன்? கேள்வி பதில்

யீஸ்ட் சேர்க்காமல், ஆப்ப சோடாவையோ பேக்கிங் பவுடரையோ கொண்டு உப்பவைக்கும் இனிப்பு பிரெட்டுகளைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பாதிக்கு மேல் வாழைப்பழ பிரெட்டைப் பற்றியவை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா, ஓவனுக்குள் அழகாக எழும்பிய பிரெட், வெளியே எடுத்ததும் நடுவில் குழி விழுந்துவிட்டது. குச்சியால் குத்திப் பார்த்துத்தான் எடுத்தேன், மாவு ஒட்டவில்லை. பிறகு ஏன் இப்படி?

குச்சியை எங்கே குத்தினீர்கள்? ஓரமாகக் குத்தினால் எப்போதும் சுத்தமாகத்தான் வரும். மிக உயரமாக எழும்பியிருக்கும் நடுப்பகுதியில், அடிவரை இறங்குமாறு குத்த வேண்டும். உள்ளே மாவு இறுகாமல் இருந்தால், ஆறும்போது நீராவியும் வாயுவும் சுருங்க, தாங்க ஆளில்லாமல் நடுப்பகுதி இறங்கிவிடும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம்: நடுவில் 93 முதல் 96 டிகிரி செல்சியஸ் காட்டினால் வெந்துவிட்டது.

வெந்த பிறகும் அமுங்கினால் சோடாவைச் சந்தேகியுங்கள். ஒரு கப் மைதாவுக்கு, அதாவது சுமார் 125 கிராமுக்கு, கால் டீஸ்பூன் சோடா போதும். பேக்கிங் பவுடர் என்றால் ஒன்று முதல் ஒன்றேகால் டீஸ்பூன். அதிகம் போட்டால் அதிகம் உப்பும் என்று நினைப்பது தவறு. குமிழ்கள் அளவுக்கு மீறிப் பெருத்து, மாவு இறுகுவதற்குள் உடைந்துவிடும்.

மூன்றாவது, பழம். "மூன்று வாழைப்பழம்" என்று குறிப்பில் இருக்கிறது, எந்தப் பழம்? வெளிநாட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் கேவண்டிஷ் இனத்தை வைத்து எழுதப்பட்டவை. நம் கடைகளில் கிடைக்கும் ரொபஸ்டா அந்த இனம்தான். அதில் நடுத்தரமான மூன்றை மசித்தால் 300 கிராமுக்குச் சற்று மேலே வரும். மூன்று பூவனோ மூன்று நேந்திரனோ அந்தக் கணக்குக்குள் அடங்காது. நேந்திரனில் நீர் குறைவு, மாவுச்சத்து அதிகம். தோல் நன்றாகக் கறுக்கும்வரை காத்திருந்து பயன்படுத்துங்கள். எந்தப் பழமானாலும் எண்ணிப் போடாதீர்கள், எடை போடுங்கள். பேக்கிங்குக்கு முதலில் வாங்க வேண்டிய கருவி எது என்று கேட்டால், மாவு அடிக்கும் பீட்டர் இல்லை, எடைத் தராசு என்றுதான் சொல்வேன்.

ஆப்ப சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றுக்குப் பதில் ஒன்று போடலாமா? என் பிரெட்டில் ஒரு சோப்பு வாடை வருகிறது.

அப்படியே மாற்றிப் போட முடியாது. வாடையும் அதனால் வந்திருக்கலாம். சோடா ஒரு காரம். தயிர், மோர், எலுமிச்சைச் சாறு என ஏதாவது ஒரு புளிப்போடு சேர்ந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். புளிப்பு போதாவிட்டால் மீந்த சோடா சோப்புச் சுவையைக் கொடுக்கும். பிரவுன் சுகரில் உள்ள மொலாசஸும் (கரும்புச் சாற்றின் கரும்பாகு) லேசான புளிப்புத் தன்மை உடையது. அதற்குப் பதில் வெள்ளைச் சர்க்கரை போட்டுவிட்டு சோடாவை மட்டும் அப்படியே வைத்தால் கணக்கு இடிக்கும்.

பேக்கிங் பவுடரில் சோடாவும் அமிலப் பொடியும் மாவுப்பொடியும் கலந்தே இருக்கின்றன. 1843-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர், யீஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக இப்படி ஒரு பொடியைத் தயாரித்தார். சோடாவோடு ஒப்பிட்டால் இதன் வீரியம் மூன்றில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்குதான்.

டப்பா பழையதா? பவுடரை வெந்நீரிலும் சோடாவை எலுமிச்சைச் சாற்றிலும் சிறிது போட்டுப் பாருங்கள். உடனே பொங்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பிரெட் ரப்பராக இழுக்கிறது. வெட்டினால் உள்ளே நீளநீளமாகத் துளைகள். கேக்குக்கு அடிப்பதுபோல நன்றாகத்தான் அடித்தேன்.

அதுதான் காரணம். மைதா ஈரம் பட்டதும் குளூட்டன் என்ற இழுபடும் புரத வலை உருவாகத் தொடங்கும். அடிக்க அடிக்க வலுக்கும். வாயு வெளியேற வழி தேடி மேல்நோக்கித் துளை போடும். முட்டை, எண்ணெய், சர்க்கரை, பழம் ஆகியவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள். மைதா சேர்த்த பிறகு பீட்டரைத் தொடக் கூடாது. கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டி, வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்துங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும்.

கோதுமை மாவு போடுபவர்களுக்கு: அது அதிக நீரை இழுக்கும். இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால் கூடுதலாகத் தேவைப்படும். முதல்முறை பாதி மைதா, பாதி கோதுமை என்று தொடங்குங்கள்.

அடிப்பக்கம் மட்டும் ஈரமாக, பிசுபிசுவென்று ஒரு பட்டை நிற்கிறது.

பழம் அதிகம், அல்லது டின்னிலேயே ஆறவிட்டீர்கள். சூடான பிரெட்டின் நீராவி அடியில் தேங்கி நனைத்துவிடும். பத்து, பதினைந்து நிமிடத்தில் வெளியே எடுத்துக் கம்பித் தட்டின்மேல் வையுங்கள்.

மேலே நீளமாக வெடிக்கிறதே, தவிர்க்க முடியாதா?

ஏன் தவிர்க்க வேண்டும்? மேல்தோல் முதலில் இறுகிவிடுகிறது. உள்ளே இன்னும் எழும்பும் மாவு அதைப் பிளந்துகொண்டு வருகிறது. நன்றாக உப்பியதற்கு அடையாளம் அது.

ஓ.டி.ஜி.யில் 180 டிகிரியில் வைத்தேன். மேலே கருகல், உள்ளே பச்சை மாவு.

திருகியில் எழுதியிருக்கும் 180-ஐ நம்பாதீர்கள். சிறிய ஓவன்களில் இருபது டிகிரி முன்பின்னாக இருப்பது சாதாரணம். தனியாக ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே வைத்துப் பாருங்கள். மேல் கம்பிக்கு அருகில் டின் இருந்தால் கருகத்தான் செய்யும், கீழ்த்தட்டில் வையுங்கள். நன்கு சிவந்ததும் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிட்டு மிச்ச நேரம் வேகவிடலாம். கறுப்பு டின் சூட்டை அதிகம் இழுக்கும். அதற்கு 15 டிகிரி குறையுங்கள். டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாவு ஊற்றாதீர்கள்.

ஓவன் இல்லை. குக்கரில் செய்யலாமா?

செய்யலாம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் தண்ணீரில்லாமல் குக்கரைச் சூடேற்றக் கூடாது என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. அடிகனமான பழைய பாத்திரம் ஒன்றை எடுத்து, உள்ளே ஒரு வளையம் வைத்து, மூடி, பத்து நிமிடம் காயவிட்டு டின்னை வையுங்கள். தீ சிறியதாகவே இருக்கட்டும். மேலிருந்து சூடு வராததால் மேல்பக்கம் சிவக்காது. சுவையில் குறை இருக்காது.

சூரியகாந்தி விதை போட்ட கேரட் பிரெட் மறுநாள் உள்ளே விதையைச் சுற்றிப் பச்சையாக மாறிவிட்டது. பூஞ்சையா? குழந்தைகள் சாப்பிட்டுவிட்டார்கள், பயமாக இருக்கிறது.

பஞ்சு போலப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. நீங்கள் சொல்வதுபோல விதையைச் சுற்றி மட்டும் பச்சை நிறம் என்றால் பயப்பட வேண்டாம். அந்த விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவின் காரத்தோடு சேர்ந்து பச்சையாக மாறுகிறது. உடம்புக்குக் கெடுதல் இல்லை. அடுத்த முறை சோடாவைக் குறைத்து, சிறிது எலுமிச்சைச் சாறு சேருங்கள்.

டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

மாவில் புரட்டிப் போடுவதால் மட்டும் பெரிய பலன் இல்லை. கலவை நீர்த்திருந்தால் எதுவும் மூழ்கும். கெட்டி இட்லி மாவுப் பதத்தில் இருக்கட்டும். பழங்களைப் பொடியாக நறுக்குங்கள்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

முழுதாக ஆறிய பிறகு மூடிய டப்பாவில் வைத்தால் வெளியே இரண்டு நாள் நன்றாக இருக்கும். மறுநாள் சுவை கூடுவதும் உண்டு. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அதற்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். பிரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்து விரைவில் இறுகி பிரெட் வறண்டுபோகும். துண்டு போட்டு, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டும்போது ஒரு துண்டை எடுத்து, சிறிது வெண்ணெய் தடவி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சுட்டுச் சாப்பிடலாம்.